கேட்காத யோசனையும் நண்டுவாய்க்கால் வாத்துகளும்

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்கள். நண்டுவாய்க்காலில் அந்த ஐப்பசியில் மழையும் விட்டது, தூவானமும் விட்டது, கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த ஆற்றுத் தண்ணீர்கூட விருந்துக்கு வந்த மாமனாரைப் போல வீட்டுக்கு வீடு கால்நீட்டிப் படுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கிடந்தது, ஆனால் ஜனங்களின் வாய் மட்டும் விடவில்லை. அடுப்பு போனது, அரிசிப் பானை போனது, ஆடு போனது, கோழி போனது, நனையாமல் கரை சேர்ந்தது வாய் ஒன்றுதான். அந்த வாயோடு ஊர் மொத்தமும் மேலச்சேத்தூர் மங்களவிலாஸ் திருமண மண்டபத்தில் வந்து குடியேறியது.

மண்டபத்தில் நடக்கவிருந்த கல்யாணம் ஒன்று வெள்ளத்தால் நின்றுபோயிருந்தது. மேடையில் சிவப்பு வெல்வெட் போட்ட இரண்டு ராஜா நாற்காலிகள் மணமக்களுக்காக இன்னும் காத்திருந்தன, மைக் செட்டுக்காரன் வந்து எடுத்துப்போகாத மைக் ஒன்று தலையைத் தொங்கப்போட்டு நின்றது, வாசலில் பிளாஸ்டிக் பூ வளைவு வருகிறவர்களையெல்லாம் நல்வரவு என்றது. அந்த வரவேற்பைப் பெற்றுக்கொண்டு ஜனங்கள் புடவையைக் குறுக்கே கட்டி, பாயை விரித்து, இது உன் வீடு இது என் வீடு என்று பிரித்துக்கொண்டார்கள்.

தையல்நாயகிக்குக் கிடைத்தது மேடைப் படிக்குப் பக்கத்துத் தூண். முதல் பிரசவம் ஆகி ஒரு மாதம் ஆகியிருந்தது, மடியில் இன்னும் பெயர் வைக்காத பெண்பிள்ளை. கணவன் வைரக்கண்ணு திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வழியெல்லாம் தண்ணீர், பஸ் ஓடவில்லை, அவனால் வர முடியவில்லை. துணைக்கு இருந்தது மாமியார் சிந்தாமணி. மார்பளவு தண்ணீரில் பேத்தியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தவள் அவள்தான், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் பேசத் தொடங்கினால் நிறுத்தத் தெரியாதவள், மீன்காரியிடம் அவள் பேரம் பேசினால் கூடையில் செத்துக் கிடக்கும் மீனே சலித்துப்போய் எழுந்து போய்விடும் என்று ஊரில் கேலி உண்டு.

அந்தத் தூணின் தலையெழுத்து என்னவென்றால், கை கழுவப் போகிறவர்கள், சாப்பாட்டுக்கூடத்துக்குப் போகிறவர்கள், சும்மா போகிறவர்கள், எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். போகிற ஒவ்வொருவரும் ஒரு நிமிஷம் நின்று, தையலையும் பிள்ளையையும் பார்த்து, ச்சு கொட்டி, ஒரு யோசனை சொல்லாமல் போனதில்லை.

முதல் வாத்தை வரவழைத்தது, பழைய துணி கொடுக்க வந்த பாத்திரக்கடை அம்மாள். பிள்ளை அழுவதைப் பார்த்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"வெள்ளத்தப் பாத்துப் பயந்தவ பாலு புள்ளைக்கு ஆவாது, தாயீ. பயம் மொத்தமும் பால்ல எறங்கிடும். டப்பாப் பாலக் கரைச்சுக் குடு" என்றாள்.

அந்தப் பேச்சு முடிந்த இடத்தில், அவள் காலடியில், ஒரு வாத்து நின்றது. கபில நிறம், நனைந்த வால், வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு, வந்த வேலை முடிந்ததுபோல் தையலின் பாய் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டது. வெள்ளத்தில் அடித்து வந்திருக்கும் என்று எல்லாரும் நினைத்தார்கள். பாம்பே வந்திருக்கிறது, வாத்து வந்தால் என்ன.

அடுத்து சிந்தாமணியின் ஒன்றுவிட்ட நாத்தனார் வந்து, கீரை தின்றால் பிள்ளைக்குப் பேதியாகும், முதலில் அதை நிறுத்து என்றாள். ஒரு வாத்து. எதிர்ப்பாய்க்காரர் எட்டிப் பார்த்து, மார்பு சிறுத்தவளுக்கு எங்கே பால் என்று சுவரைப் பார்த்துச் சொல்வதுபோல் சொன்னார். ஒரு வாத்து, வெட்கப்பட்டதோ என்னவோ, அதுவும் சுவரைப் பார்த்தே நின்றது. சாயங்காலம் சிந்தாமணியே, அழுகிற பிள்ளைக்குப் பால் பற்றவில்லை என்றுதான் அர்த்தம், இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும் என்று தொடங்கி, தான் வைரக்கண்ணுவை வளர்த்த கதைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தபோது, தாயும் குஞ்சுகளுமாக ஒரு வரிசை அவள் பின்னால் நடந்துகொண்டிருந்தது.

விஷயத்தை முதலில் கண்டுகொண்டவர் உத்திராபதி. தலைமுறை தலைமுறையாக வாத்து மேய்க்கிற குடும்பம், வெள்ளத்தில் மந்தை மொத்தமும் போய், மூங்கில் கழி ஒன்றும் கைப்பிள்ளையாகப் பேரன் ஒன்றுமாக மண்டபத்துக்கு வந்தவர். பேரனைப் பெற்ற மகள் ஓடு விழுந்து அடிபட்டு ஜில்லா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவர் தூணுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, வெற்றிலையை மென்றபடி ஒரு நாள் முழுக்கப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"இதுங்க தண்ணியில வந்ததில்ல. பேச்சுல வந்தது. அந்தப் பொண்ணு கேக்காம அதுகிட்ட யாராச்சும் பாலப் பத்தி யோசன சொன்னா, ஒரு வாத்து வருது."

"சும்மா பேசுனா?"

"சும்மா பேசுனா வராது. பாத்துட்டேன்."

மண்டபம் அதை ஏற்றுக்கொண்டது. ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்பதற்கு நேரம் எங்கே, எல்லாருக்கும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. பிள்ளை பெறாதவள் சொன்னாலும் வாத்து வந்தது, பேரன் எடுத்தவள் சொன்னாலும் வந்தது, ஆண்பிள்ளை சொன்னால் இன்னும் கொஞ்சம் கொழுத்ததாக வந்தது. "எங்க காலத்துல" என்று தொடங்கும் யோசனைக்குப் பச்சைக் கழுத்துச் சேவல் வாத்து. "டாக்டரே சொன்னாரு" என்று தொடங்கினால் கழுத்தில் வெள்ளை வளையம். சொல்லிவிட்டு "எனக்கென்ன வந்துது, நல்லதுக்குச் சொன்னேன்" என்று முடிப்பவர்களுக்கு நொண்டி வாத்து. நல்ல யோசனைக்கு வாத்து வராது என்று நினைத்து, நல்லாச் சாப்பிடும்மா என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார், அதற்கும் வந்தது, ஆனால் அது யாரையும் கொத்தவில்லை.

பிறகு வாத்து யாருக்குச் சொந்தம் என்ற சண்டை வந்தது. சொன்னவள் வாயிலிருந்து வந்ததால் அவளுடையது என்று ஒரு கட்சி, கேட்டவளால் வந்ததால் இவளுடையது என்று மறுகட்சி. தீர்ப்புச் சொல்ல முன்னாள் கவுன்சிலர் பக்கிரிசாமி வந்தார். முகாமுக்கு அவர்தான் தலைவர், தலைவராக யாரும் ஆக்கவில்லை, மண்டபத்துச் சாவிக்கொத்து அவர் இடுப்பில் இருந்ததால் ஆகிவிட்டார். ராஜா நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு, "வாத்து சொன்னவங்களுக்கு, முட்டை கேட்டவளுக்கு" என்று அவர் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. அதற்கப்புறம் ஜனங்கள் யோசனை சொல்ல நிஜமாகவே தயாராகிவிட்டார்கள்.

தண்ணீர் ஏறாத பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தார்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தூணின் முன் வரிசை கட்டினார்கள், வெறுங்கையோடு வந்து அக்குளில் வாத்தோடு போனார்கள். யோசனை தீர்ந்தவர்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னார்கள், அதற்கு இறகு உதிர்ந்த வாத்துதான் வந்தது, அதையும் விடவில்லை. மண்டபத்தில் பேச்சை விடக் கத்தல் அதிகமாயிற்று, கை கழுவும் தொட்டியில் வாத்து குளித்தது, கல்யாணத்துக்குக் கோலம் போட்ட மேடையில் வாத்து முட்டையிட்டது. முட்டைகள் தையலுக்கு என்பது தீர்ப்பு, ஆனால் அவை பொதுச் சமையலுக்குப் போய் ஆண்கள் பந்தியில் முதலில் பரிமாறப்பட்டு, பெண்கள் பந்திக்கு வரும்போது குழம்பாக மட்டும் வந்தன.

இத்தனை கூத்துக்கும் நடுவில் தையல் காய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளையை மார்பில் போட முந்தானையை விலக்கினால் எதிரே ஒரு வரிசை, விலக்காவிட்டால் பிள்ளை அழுகை, அழுகையைக் கேட்டு இன்னும் ஒரு வரிசை. கூச்சத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டு அரைகுறையாகக் கொடுத்தாள், பிள்ளை வாயை வைத்து வைத்து எடுத்துக் கத்தியது. மார்பு முதலில் கல்லாகக் கனத்தது, பிறகு கனமும் போயிற்று. பயந்தவள் பால், சிறுத்தவள் பால், புளித்த பால் என்று கேட்டுக் கேட்டுத் தன் உடம்பின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. காலையில் பிள்ளைக்கு மாற்றிய துணி மாலை வரை நனையவேயில்லை என்பதை அவள் பார்த்தாள், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஒரு வாத்து வரும். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் மட்டும் அவளோடு தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

சிந்தாமணிக்கும் பயம்தான். பயந்தால் அவளுக்குக் கை பரபரக்கும். நேரே பக்கிரிசாமியிடம் போய் ஒரு டப்பாவும் ஒரு பாட்டிலும் வாங்கி வந்தாள். நகரத்திலிருந்து நல்ல மனசுக்காரர்கள் லாரி லாரியாக அனுப்பிய பால்பவுடர் டப்பாக்கள் மணமகள் அறையில் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பக்கிரிசாமி தன் படத்தை ஒட்டியிருந்தார், பெரிய மனிதர்கள் வந்து போட்டோ எடுக்கும்போது மேடையில் வைத்து விநியோகிப்பதாகத் திட்டம், அதுவரை பூட்டு, கெஞ்சிக் கேட்டவர்களுக்கு மட்டும் ஒன்றிரண்டு வெளியே வரும். தலை வரை வெள்ளத்தில் முழுகி எழுந்த அடிபம்பில் தண்ணீர் பிடித்து, பவுடரை ஒரு கை அள்ளிப் போட்டு, சிந்தாமணி பாட்டிலைக் குலுக்கிக்கொண்டு வந்தபோதுதான், வாசலில் டிராக்டர் வந்து நின்று, நர்ஸ் எஸ்தர் இறங்கினாள்.

எஸ்தர் அந்த வட்டாரத்துக் கிராம சுகாதார நர்ஸ். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாத்துகளுக்கு நடுவே வழி பண்ணி வந்தவள், பாட்டிலைப் பார்த்தாள், பதறிப்போனாள், பதற்றத்தில் வாயைத் திறந்தாள்.

"ஐயோ, பாட்டில் கூடாதும்மா. இந்தத் தண்ணியில கரைச்சா புள்ளைக்கு வயித்தால போயிடும். விடாம மார்ல போட்டாத்தான் பால் ஊறும்."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனாலும் ஒரு வாத்து வந்தது. வெள்ளை வெளேரென்று, கஞ்சி போட்ட சேலை மாதிரி விறைப்பாக, தலையை நிமிர்த்திக்கொண்டு எஸ்தரின் பக்கத்தில் நின்றது. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

"கவர்மெண்டு சொன்னாலும் வாத்துதான்" என்றார் எதிர்ப்பாய்க்காரர்.

எஸ்தருக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டம் நடத்தி, படம் காட்டி, வீடு வீடாகப் போய்த் தான் சொன்னதெல்லாம் இத்தனை வருஷமாக எங்கே போயிற்று என்று அவளுக்கு அந்த வாத்தைப் பார்த்ததும் புரிந்த மாதிரி இருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். கீழே உட்கார்ந்தாள். அப்போது உத்திராபதி பேரனைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடிவந்தார். அவர் யாரிடமும் யோசனை கேட்காதவர், மண்டபத்தில் கொடுத்த பாட்டிலை வாங்கிப் பேரனுக்குக் கொடுத்து வந்தவர். பிள்ளை துவண்டு கிடந்தது, கண் உள்ளே போயிருந்தது, துணி முழுக்கத் தண்ணீராகப் போயிருந்தது.

"நர்சம்மா, நா என்னா செய்யணும்னு சொல்லுங்க" என்றார்.

எஸ்தர் பிள்ளையின் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். "இத இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். டிராக்டர் நிக்கிது. அங்கதான உங்க பொண்ணு இருக்கு?"

"ஆமாங்க."

"பொண்ணுக்கு ஒடஞ்சது என்னா?"

"காலுங்க."

"கால்தான?"

உத்திராபதி கொஞ்சம் யோசித்தார். உடைந்தது கால்தான். காலில் பால் சுரப்பதில்லை. இது அவருக்கோ மகளுக்கோ மண்டபத்தில் இருந்த இத்தனை யோசனைக்காரர்களில் ஒருவருக்கோ இதுவரை தோன்றவில்லை. அவர் கழியை அங்கேயே போட்டுவிட்டுப் பேரனோடு டிராக்டரில் ஏறினார். இத்தனை பேசியும் வாத்து வரவில்லையே என்று ஜனங்கள் சுற்றிலும் தேடினார்கள். கேட்டவனுக்குச் சொன்னால் வராது என்று அன்றைக்குத் தெரிந்தது.

எஸ்தர் தையலின் பக்கம் திரும்பினாள். தையல் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கிற தெம்பு அவளுக்கு இல்லை. சொன்னால் வாத்து வரும். எஸ்தர் வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து, "நீ சாப்பிட்டியாம்மா?" என்றாள்.

வாத்து வரவில்லை.

தையல் நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தூணுக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. "இல்லக்கா" என்றாள்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சா கக்கூசுக்குப் போவணும். அது வாசல்ல ஆம்பளைங்க சீட்டாடிக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. அதான் குடிக்கிறதில்ல."

சொல்லிவிட்டு அழுதாள், அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள். ஊரைச் சுற்றி இவ்வளவு தண்ணீர், பால் கொடுக்கிறவள் தொண்டையில் ஒரு சொட்டு இல்லை. சிந்தாமணி கையில் பாட்டிலோடு சுற்றிலும் பார்த்தாள். தன் காலைச் சுற்றித் தன்னுடைய வாத்துகள், மற்ற எல்லாருடையதையும் விடப் பெரிய மந்தை, வாலாட்டிக்கொண்டு நின்றன. பாட்டிலில் இருந்ததை வாசல் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"இத்தன பேசுனேன். ஒரு வாய் கஞ்சி குடிச்சியான்னு நா கேக்கல பாத்தியா" என்றாள் எஸ்தரிடம். "இப்ப என்னா வேணும்?"

"கதவு வச்ச ரூம்பு ஒண்ணு வேணும்மா. மத்ததெல்லாம் நடந்துரும்."

கதவு வைத்த அறை மண்டபத்தில் ஒன்றுதான் காலி பண்ணக்கூடியது. சிந்தாமணி பக்கிரிசாமியிடம் போய் மணமகள் அறையைக் கேட்டாள். அவர் சாவிக்கொத்தைத் தட்டிச் சிரித்தார். டப்பாக்களை இறக்கினால் அடுக்கு கலைந்துவிடும், படம் ஒட்டியது ஈரத்தில் உரிந்துவிடும், நாளைக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், தாய்மார்களுக்கு நான் செய்யாத உதவியா என்றார். வேறு நாளாக இருந்தால் சிந்தாமணி அவரைப் பேசியே வென்றிருப்பாள். அன்றைக்கு அவளுக்குப் பேச்சு அலுத்துப்போயிருந்தது. மேடைக்குப் போய் மைக்கை எடுத்துவந்து, ரொம்பப் பணிவாக அவர் கையில் கொடுத்தாள்.

"தலைவரே, போட்டோ நாளைக்கு எடுக்கட்டும். எம் மருமவளுக்கும் இங்க உள்ள பொம்பளைங்களுக்கும் தாய்ப்பாலப் பத்தி இப்ப நாலு வார்த்த பேசுங்களேன்."

மைக்கைக் கண்டால் பக்கிரிசாமிக்குக் கல்யாண வீடும் தெரியாது, சாவு வீடும் தெரியாது. தொண்டையைச் செருமினார். "என் அருமைத் தாய்மார்களே" என்றதும் மேடையில் ஒரு வாத்து வந்தது, பேசச் சொன்னது மாமியார்தான், தையல் கேட்கவில்லையே. அவர் பார்க்கவில்லை. தாய் என்பவள் எப்படி இருக்க வேண்டும் என்றார், என்ன தின்ன வேண்டும் என்றார், எப்படிப் படுக்க வேண்டும், எதை நினைக்க வேண்டும், எதை நினைக்கவே கூடாது என்றார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வாத்து, ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு குஞ்சு, பழமொழி சொன்ன இடங்களில் ஜோடி ஜோடியாக. மேடை நிறைந்து படி வழியே வழிந்தது, பாய்கள் மறைந்தன, சீட்டாட்டம் கலைந்தது, ஆண்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்கு ஓடினார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்திப் பழக்கமில்லாத மனிதர், நிறுத்தவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ராஜா நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, "ஆகவே, ஆகவே" என்று முழங்கினார், ஆகவேக்கு ஒன்று வந்து அவர் மீசையைப் பிடித்தது.

அப்போதுதான் மைக்கைப் போட்டுவிட்டுக் குதித்து, சாவியைத் தடவி எடுத்து, மணமகள் அறையைத் திறந்து உள்ளே பாய்ந்தார். கதவைச் சாத்தப் போனால் சாத்த வரவில்லை. இடுக்கில் சிந்தாமணியின் கால் இருந்தது. அவள் பின்னால் மண்டபத்துப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

"தலைவரே" என்றாள் சிந்தாமணி மெதுவாக. "பொண்ணு ரூம்புல ஆம்பள இருக்கலாமா?"

அந்த ஒரு சொல் அவரை வீழ்த்தியது. எத்தனையோ கல்யாணங்களுக்குத் தலைமை தாங்கிய மனிதர், மாப்பிள்ளையே கதவுக்கு வெளியே நின்று இருமிவிட்டுத்தான் பேச வேண்டிய அறை, அதில் நிலைக்கண்ணாடிக்கும் மருதாணிக் கிண்ணத்துக்கும் நடுவே தான் தனியாக நிற்பதைக் கண்ணாடியில் பார்த்தார். காது வரை வெட்கம் ஏறியது. தலையைக் குனிந்து வெளியே வந்தார், சாவியைக் கேட்காமலேயே கொடுத்தார், வாத்துகளோடு வாத்தாகச் சாப்பாட்டுக்கூடத்துக்கு நடந்து போனார்.

பெண்கள் கை மாற்றிக் கை மாற்றி டப்பாக்களை வெளியேற்றினார்கள். அம்மா இல்லாத பிள்ளை என்று ஒன்று வந்தால் வெந்நீரில் அளந்து கரைத்துப் பாலாடைக் கிண்ணத்தில் புகட்டுவதற்கென்று கொஞ்சத்தை எஸ்தர் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள், மீதியெல்லாம் சமையல்கட்டுக்குப் போய் ஆண்களுக்கு டீ ஆயிற்று. மங்களவிலாஸில் அவ்வளவு கெட்டியான டீயை யாரும் அதற்கு முன் குடித்ததில்லை.

மேடையிலிருந்த மணப்பெண் நாற்காலியை அறைக்குள் கொண்டுவந்து தையலை அதில் உட்கார வைத்தார்கள். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் ஒரு சொம்பு, அவள் அதை மூச்சுவிடாமல் குடித்தாள். கஞ்சி வந்தது, கஞ்சியில் முட்டை வந்தது, ஆண்கள் பந்தியைத் தாண்டி முதன்முறையாக முழு முட்டையாக வந்தது. எஸ்தர் பேசாமல் பிள்ளையின் துணியைக் கழற்றி வெறும் உடம்பாகத் தையலின் வெறும் மார்பில் படுக்க வைத்து, மேலே ஒரு புடவையைப் போர்த்தி, கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கதவுக்கு வெளியே துடைப்பத்தோடு சிந்தாமணி. உள்ளே என்ன நடக்கிறதோ, எப்படிப் பிடித்திருக்கிறாளோ என்று அவளுக்கு நாக்கு துடித்தது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்கள் வாத்துகள் வந்ததை அல்ல, இதைத்தான் பிற்பாடு அதிசயம் என்று சொன்னார்கள்.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிள்ளை சப்பியது, கத்தியது, மறுபடி சப்பியது. தையல் மறுபடி மறுபடி போட்டாள். சொல்வதற்கு ஆளில்லாத அந்த அறையில் அவள் முதல்முறையாகத் தன் பிள்ளையின் முகத்தை நிதானமாகப் பார்த்தாள், புருவம் வைரக்கண்ணுவுடையது, கோபம் சிந்தாமணியுடையது என்று கண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போது மார்பில் ஒரு குறுகுறுப்பு ஓடியது, பிள்ளையின் தொண்டையில் மொடக் என்று ஒரு சத்தம் கேட்டது, அப்புறம் இன்னொன்று, அப்புறம் விடாமல். மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் கதவைத் திறந்து, நனைந்து சொட்டுகிற துணி ஒன்றைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள்.

"அத்தை, மூத்திரம் பேஞ்சிட்டா" என்றாள்.

அந்தச் செய்தி மண்டபம் முழுக்கப் போயிற்று. பேஞ்சிட்டாளாம், பேஞ்சிட்டாளாம் என்று பாய்க்குப் பாய் சொன்னார்கள், சாப்பாட்டுக்கூடத்தில் ஆண்கள் கெட்டி டீயை உயர்த்தினார்கள், பக்கிரிசாமிகூட ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினார். சிந்தாமணி அந்த ஈரத்துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், அப்புறம்தான் அது என்ன துணி என்று நினைவு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உத்திராபதி திரும்பி வந்து, கட்டுப்போட்ட காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு மகள் பால் கொடுக்கிறாள், பேரன் தேறிவிட்டான் என்றார். தண்ணீர் வடிந்த பிறகு, யாரும் வேண்டாமென்று விட்டுப்போன வாத்துகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு அவர் கரையோடு போனார். வைரக்கண்ணு வந்து பிள்ளைக்கு மங்களா என்று பெயர் வைத்தான்.

அடுத்த ஐப்பசியில் கரை மறுபடி உடைந்தது. அது உடைவதுதான் வழக்கம், கட்டுவதுதான் செய்தி. இந்தத் தடவை ஜனங்கள் வருவதற்கு முன்பே பக்கிரிசாமி மணமகள் அறையைத் திறந்து, பெருக்கி, குடத்தில் வெந்நீர் ஆற்றி வைத்து, சாவியைச் சிந்தாமணியிடம் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். நாற்காலியில் சுகந்தி என்று ஒரு சின்னப்பெண், கையில் பச்சைப்பிள்ளை, பிள்ளை வீல் வீலென்று கத்துகிறது, அவள் தப்பாகப் பிடித்திருக்கிறாள் என்பது தையலுக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. இடுப்பில் மங்களாவோடு உள்ளே போனாள். ஒரு வருஷத்து அனுபவம் மொத்தமும் நாக்கு நுனியில் வந்து நின்றது, எல்லாம் சரியானது, எல்லாம் பட்டுத் தெரிந்தது. தொண்டையில் இறகு ஒன்று கிச்சுக்கிச்சு மூட்டியது.

வாயை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சாப்பிட்டியா, சுகந்தி?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்து இல்லை என்று தலையாட்டினாள், கண்ணில் பொலபொலவென்று வந்தது. தையல் சொம்புத் தண்ணீரை அவள் கையில் கொடுத்துவிட்டுக் கஞ்சி எடுக்க எழுந்தாள். கதவோரம் முந்தானையைக் கடித்தபடி உட்கார்ந்திருந்த சிந்தாமணி அதுவரை பொறுத்தாள். அதற்கு மேல் அந்த மனுஷியால் முடியவில்லை.

"கொஞ்சம் சாஞ்சுதான் ஒக்காரேன்டி, ராசாத்தி" என்றாள்.

வாசலுக்கு வெளியே ஒரு வாத்து கத்தியது. அங்கே குந்தியிருந்த உத்திராபதி எழுந்து வந்து சத்தமில்லாமல் அதை அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் காலை சுகந்தியின் கஞ்சியில் ஒரு முட்டை இருந்தது.